கேமராவுக்கு முன்னால் ஒரு துப்பாக்கி: ரஷ்ய அறிவியல் புனைவுப் படங்களை முன்வைத்து ஓர் அறிமுகம்

2020-இல் வெளிவந்த ‘ஸ்புட்னிக்’ என்ற ரஷ்யப் படத்தின் கதை 1983-இல் நடக்கிறது. விண்வெளியிலிருந்து திரும்பும் வீரர் ஒருவர், தம் உடலுக்குள் வேற்றுலக உயிர் ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார். இராணுவ வளாகம் ஒன்றில் அவரை அடைத்துவைத்து, மாஸ்கோவிலிருந்து பெண் மருத்துவர் ஒருவரை வரவழைத்து ஆராயச் சொல்கிறார்கள். எகோர் அப்ரமென்கோ இயக்கிய இந்தப் படத்தில் வரும் அந்த உயிரை நம்மில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே அதன் வால் சரியாக இருக்கிறதா, தோல் சரியாக இருக்கிறதா என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அடைபட்டிருக்கும் அறைக்கு வெளியே காவல் நிற்கும் சிப்பாயின் துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. சோவியத் பள்ளிகளில் இராணுவப் பயிற்சி ஒரு பாடமாகவே இருந்தது. கலாஷ்னிகோவைப் பிரித்துப் பூட்டப் பழகிய தலைமுறை ஒன்று இன்றும் திரையரங்கில் அமர்ந்திருக்கிறது. அந்தச் சிப்பாயின் கையில் இருப்பது தவறான ஆண்டைச் சேர்ந்ததாக இருந்தால், வேற்றுலக உயிரைப் பேசாமல் ஏற்றுக்கொண்ட அதே பார்வையாளர் துப்பாக்கியைக் கண்டதும் படத்திலிருந்து வெளியே வந்துவிடுவார்.

அறிவியல் புனைவுப் படங்களில் துப்பாக்கி முக்கியமாவது இதனால்தான். கதையில் நடக்க முடியாத ஒன்று நடக்கும்போது, அதைச் சுற்றியுள்ள எல்லாம் நடக்கக்கூடியதாக இருந்தாக வேண்டும். அப்படி இருக்க வைக்கும் வேலை எப்படி நடக்கிறது, திரையில் நாம் பார்க்கும் துப்பாக்கி உண்மையில் என்ன பொருள் என்பதை இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். படத்தில் வரும் துப்பாக்கி ‘நிஜம்’ அல்லது ‘பொய்’ என்ற இரண்டில் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இடையில் பல படிகள் உள்ளன. நம் படப்பிடிப்புத் தளங்களில் ‘ப்ராப்பர்ட்டி’ என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருள்களை ரஷ்ய நாடக, திரைப்பட மரபு இரண்டு சொற்களால் அழைக்கிறது. நடிகர் கையாளும் பொருள்கள் பொதுவாக ‘ரெக்விஸிட்’. அவற்றில் உண்மைப் பொருளுக்குப் பதிலாகச் செய்யப்பட்ட போலிகளுக்கு ‘புதஃபோரியா’ என்று தனிப்பெயர். துப்பாக்கி இந்த இரண்டிலும் வரும். ஓடிவிழும் சண்டைக் கலைஞரின் கையில் இருப்பது ரப்பரால் வார்க்கப்பட்ட, விழுந்தாலும் விலா எலும்பை உடைக்காத போலியாக இருக்கலாம். சும்மா தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியையே இனிச் சுட முடியாதபடி வெட்டியும் துளைத்தும் முடக்கிய பொருள் கொடுக்கப்படும். ரஷ்யாவில் இதன் பெயரே ‘எடையும் அளவும் ஒத்த மாதிரி’ என்று பொருள்படும். கேமராவுக்கு முன்னால் சுட வேண்டியவருக்கு வெற்றுத் தோட்டாவை மட்டும் சுடும்படி மாற்றப்பட்ட துப்பாக்கி தரப்படும். தொலைவில் நிற்கும் கூட்டத்துக்கு, பிளாஸ்டிக் மணிகளைக் காற்றழுத்தத்தால் எறியும் விளையாட்டுத் துப்பாக்கியின் உருவமே போதும்.

எதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன: கேமரா எவ்வளவு அருகில் இருக்கிறது, அந்தக் காட்சியில் துப்பாக்கி என்ன செய்ய வேண்டும். இல்யா நைஷுல்லர் இயக்கிய ‘ஹார்ட்கோர் ஹென்றி’ முழுவதும் நாயகனின் கண்வழியாகவே நகரும் படம். மாஸ்கோவில், முகமூடி போன்ற ஒரு பொருத்தியில் மாட்டிய சிறிய கோப்ரோ கேமராக்களால் எடுக்கப்பட்டது. அத்தகைய படத்தில் நாயகன் துப்பாக்கியை உயர்த்தும்போதெல்லாம் அது கேமராவிலிருந்து ஒரு முழத் தொலைவில்தான் இருக்கும். ரப்பர் வார்ப்பின் ஓரத்தில் உள்ள பிசிறுகூட அங்கே தெரிந்துவிடும்.

எடை என்ற விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கியான ஏகே-74 மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. மூன்று கிலோவைத் தோளில் மாட்டி இரவெல்லாம் காவல் நிற்பவரின் தோள் ஒரு பக்கம் சற்றே இறங்கியிருக்கும். வாரின் கீழ் உள்ள துணி மடிந்திருக்கும். திரும்பும்போது துப்பாக்கி அரைக் கணம் தாமதித்துத்தான் உடம்போடு திரும்பும். எவ்வளவு தேர்ந்த நடிகராக இருந்தாலும் கையில் உள்ளது நானூறு கிராம் பிளாஸ்டிக் என்றால் இவற்றையெல்லாம் நடித்துக் காட்டுவது கடினம். எடை ஒத்த மாதிரிக்கு இவ்வளவு மதிப்பு ஏற்படுவது அதனால்தான்.

இனி, சுடும் துப்பாக்கிக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளத் தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: உலோக உறை, அதன் அடியில் பிரைமர் எனப்படும் பொறி மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்துகிறது; பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கிறது; அதில் பிறக்கும் வாயு குண்டைக் குழல் வழியாகத் தள்ளுகிறது. வெற்றுத் தோட்டா என்பது குண்டு இல்லாத தோட்டா. மற்ற மூன்றும் அதில் இருக்கும். மருந்து கொட்டிவிடாமல் இருக்க உறையின் வாய், பூ மொட்டுப் போல நட்சத்திர வடிவில் மடக்கி மூடப்பட்டிருக்கும். ரஷ்ய மொழியில் இதற்குரிய அடைமொழி ‘ஹலஸ்தோய்’. மணமாகாத ஆணைக் குறிக்கவும் அதே சொல்தான். துணை இல்லாத தோட்டா என்று மொழி அதைப் பார்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த சொற்பொருத்தங்களுள் ஒன்று.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கலாஷ்னிகோவ் தானியங்கித் துப்பாக்கி. குண்டு குழலில் போய்க்கொண்டிருக்கும்போதே, அதன் பின்னால் உள்ள வாயுவில் ஒரு பகுதி குழலின் மேற்புறத் துளை வழியாகப் பிரிந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தண்டின் ஓட்டம்தான் காலி உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது. குண்டு ஒரு தக்கை போல முன்வழியை அடைத்திருப்பதால்தான் தண்டைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் சேர்கிறது. வெற்றுத் தோட்டாவில் அந்தத் தக்கை இல்லை. வாயு முழுவதும் திறந்த குழல் வாய் வழியாக ஓடிவிடும். துப்பாக்கி ஒரு முறை வெடித்து அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும். மகரோவ் கைத்துப்பாக்கியின் இயக்கம் வேறு வகையானது என்றாலும் அதற்கும் அழுத்தம் வேண்டும்.

இதற்குத் தீர்வு, குழலுக்குள் சிறு துளையுள்ள ஓர் அடைப்பை வைப்பது. வாயு அந்தத் துளை வழியாக மெதுவாகத்தான் வெளியேற முடியும் என்பதால் உள்ளே போதிய அழுத்தம் சேர்ந்து, துப்பாக்கி உண்மையாகச் சுடுவது போலவே இயங்குகிறது. இராணுவப் பயிற்சியில் இந்த அடைப்பைக் குழல் வாய்க்கு வெளியே, எல்லோரும் பார்க்கும்படி பொருத்துவார்கள். படத்துக்கு அது ஆகாது. ஆகவே உள்ளே, கேமராவின் கண்ணுக்குப் படாத ஆழத்தில் பொருத்தப்படும். அடைப்பு வைத்த துப்பாக்கி உண்மைக் குண்டைச் சுடத் தகுதியற்றதாகிவிடுகிறது என்பது இதனால் விளையும் இன்னொரு நன்மை. சுழல் துப்பாக்கிக்கு, அதாவது ரிவால்வருக்கு, இந்த அடைப்பு தேவையில்லை. தோட்டாக்கள் செருகப்பட்டிருக்கும் அதன் உருளை விரலின் இழுப்பாலேயே சுழல்கிறது. அதன் குழல் திறந்தே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்றுப் பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வெற்றுத் தோட்டாக்களிலும் முழு அளவு, பாதி அளவு, கால் அளவு என்று மருந்தின் அளவு மாறும். திறந்த வெளியில், பகலில் சுடும் காட்சிக்கு முழு அளவு வேண்டும்; இல்லாவிட்டால் குழல் வாயின் நெருப்பு தெரியவே தெரியாது. தாழ்ந்த கூரையுள்ள நடைவழியில், இருவர் அருகருகே நிற்கும்போது அதே அளவைச் சுட்டால் நடிகரின் காது பாதிக்கப்படும்.

நெருப்புப் பொறிக்கும் கேமராவுக்கும் உள்ள உறவும் தனிக் கதை. அந்த ஒளி ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே இருக்கும். ஃபிலிம் கேமரா நொடிக்கு 24 சட்டகங்களை எடுக்கிறது. வழக்கமாக ஒவ்வொரு சட்டகத்துக்கும் பாதி நேரம் அதன் மூடி திறந்திருக்கும், பாதி நேரம் ஃபிலிமை நகர்த்துவதற்காக மூடியிருக்கும். கலாஷ்னிகோவ் தொடர்ந்து சுடும்போது நொடிக்குச் சுமார் 10 முறை வெடிக்கும். அவற்றில் ஏறக்குறைய பாதி, மூடி மூடியிருக்கும் நேரத்தில் வெடித்து, படத்தில் பதியாமலே போய்விடும். டிஜிட்டல் கேமராக்களில் வேறு தொல்லை: பலவற்றில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவதால், சட்டகத்தின் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாகவும் மீதி இருட்டாகவும் அமைந்துவிடும். எனவே இப்போது பெரும்பாலும் நெருப்பைக் கணினியில் வரைந்து சேர்க்கிறார்கள். ஒலி எப்படியும் பின்னால்தான் சேர்க்கப்படுகிறது. அப்படியானால் வெற்றுத் தோட்டாவே வேண்டாமே என்று கேட்கலாம். இன்று பல படக்குழுவினர் அந்த முடிவுக்கு வந்தும்விட்டார்கள். கணினியால் எளிதில் தர முடியாதது ஒன்று உண்டு: தோளில் அதிர்வு பட்டதும் நடிகரின் கண் தானாக இமைப்பது, அருகில் இருப்பவரின் முகத்தில் அந்த ஒளி விழுந்து மறைவது. ஆயினும் ஒரு காட்சியின் அழகுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஏனெனில் வெற்றுத் தோட்டா வெறும் ஓசை அன்று. குழல் வாயிலிருந்து சில அடி தூரம்வரை சூடான வாயுவும் எரியாத மருந்துத் துகள்களும் வேகமாகப் பாய்கின்றன. மிக அருகில் அது கொல்லும். நடிகர் பிராண்டன் லீ 1993 மார்ச் 31-இல் அமெரிக்கப் படப்பிடிப்பு ஒன்றில் இறந்தது, குழலில் அடைப்பு இல்லாத ஒரு ரிவால்வரால். அந்த இறப்பின் வழியைப் படிப்படியாகத் தெரிந்துகொள்வது எந்தப் படப்பிடிப்புத் தளத்துக்கும் பயன்படும். ரிவால்வரை முன்பக்கத்திலிருந்து அண்மைக் காட்சியில் காட்டினால் உருளைக்குள் உள்ள குண்டு முனைகள் தெரியும். ஆகவே குண்டு உண்டு, மருந்து இல்லை என்னும்படியான டம்மி தோட்டாக்களை அதில் வைத்திருந்தார்கள். மருந்தை நீக்கியவர்கள் ஒரு தோட்டாவில் பிரைமரை விட்டுவிட்டார்கள். யாரோ விசையை இழுத்தபோது பிரைமரின் சிறு பொறி மட்டும் வெடித்து, குண்டை உறையிலிருந்து கிளப்பிக் குழலின் நடுவே சிக்கவைத்துவிட்டது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா ஏற்றிச் சுட்டார்கள். அதன் முழு மருந்தும் சிக்கியிருந்த குண்டைத் தள்ளியது. டம்மியும் வெற்றுத் தோட்டாவும் தனித்தனியே ஆபத்துக் குறைந்தவை. இரண்டும் சேர்ந்தபோது ஓர் உண்மைத் தோட்டா உருவாகிவிட்டது. 2021 அக்டோபர் 21-இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்ததற்குக் காரணம் இன்னும் நேரானது: இருக்கவே கூடாத உண்மைத் தோட்டா படப்பிடிப்புத் துப்பாக்கிக்குள் இருந்தது.

ஆகவேதான் படப்பிடிப்புத் தளத்தில் ஆயுதத்துக்கென்று ஒருவர் தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் முன் குழலுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதும், நடிகருக்கும் உதவி இயக்குநருக்கும் காட்டுவதும், எதிரில் இருப்பவரை நேராகக் குறிவைக்காமல் சற்று விலக்கிக் குறிவைக்கச் செய்து கேமராக் கோணத்தால் அதை மறைப்பதும், ‘கட்’ சொன்னதும் துப்பாக்கியை முதலில் வாங்கிக்கொள்வதும் அவருடைய பொறுப்பு.

பாதுகாப்புக்கு அடுத்தபடியாக வருவது காலம். 1983-ஐக் காட்ட வேண்டிய கதைக்கே திரும்புவோம். அந்த ஆண்டின் சோவியத் சிப்பாய்க்கு என்ன கொடுக்கலாம்? 1974-இல் ஏற்கப்பட்ட ஏகே-74 பொருந்தும். அதற்கு முந்தைய ஏகேஎம் துப்பாக்கியும் வழக்கிலிருந்து முற்றிலும் போகாததால் சில கைகளில் அதுவும் பொருந்தும். இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. ஏகேஎம்மின் குழல் வாய், எழுதுகோல் முனையைச் சாய்வாகச் சீவியது போல இருக்கும்; ஏகே-74-இன் முனையிலோ அதிர்வைக் குறைப்பதற்கான தடித்த உருளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தோளில் அண்டக்கொடுக்கும் மரக்கட்டையின் இரு பக்கங்களிலும் ஏகே-74-இல் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அது அழகுக்காக வைத்ததன்று. 7.62 மி.மீ. குண்டைச் சுடும் ஏகேஎம்மும் 5.45 மி.மீ. குண்டைச் சுடும் ஏகே-74-உம் ஒரே கிடங்கில் இருந்த காலத்தில், இருட்டில் கையால் தடவியே எது எது என்று சிப்பாய் அறிந்துகொள்வதற்காக வைத்தது. படத்தை நிறுத்திப் பார்த்தால் அந்தப் பள்ளத்தில் தங்கும் நிழல் ஒரு கோடாகத் தெரியும்.

நிறமும் ஆண்டைச் சொல்லும். அந்தக் காலக் கட்டை சிவந்த பழுப்பு மரம். தோட்டா மேகசின், செங்கல்லுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட நிறமுள்ள பிளாஸ்டிக். முழுக் கறுப்புப் பிளாஸ்டிக்கில், மடங்கும் கட்டையோடு வரும் ஏகே-74எம் 1991-இல்தான் வந்தது. இன்றைய கிடங்கில் எளிதாகக் கிடைப்பதும் அதுதான். அவசரத்தில் அதை எடுத்து 1983-இன் சிப்பாயிடம் கொடுத்துவிட்டால், எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் ஒரு பொருள் அவர் தோளில் தொங்கும். மாறாக, வேற்றுலகக் கப்பல் ஒன்று மாஸ்கோவின் செர்தனோவோ குடியிருப்புப் பகுதியில் வந்து விழும் 2017-ஆம் ஆண்டுப் படமான ‘பிரித்யஷேனியே’ போன்ற நிகழ்காலக் கதைக்குக் கறுப்புத் துப்பாக்கிதான் இயல்பானது. வெளியே தெறித்து விழும் காலி உறையைக்கூடக் கவனிக்கலாம்: சோவியத் 5.45 மி.மீ. தோட்டாவின் உறை, மெருகுப் பூச்சுள்ள எஃகு. மங்கிய பச்சை நிறமுடையது. தரையில் பளபளக்கும் மஞ்சள் பித்தளை உறைகள் உருண்டால் அவை வேறெங்கிருந்தோ வந்தவை.

விண்வெளி வீரரின் துப்பாக்கிக்கு இன்னும் நுட்பமான கணக்கு உண்டு. 1965 மார்ச்சில் சோவியத் விண்வெளி வீரர்கள் அலெக்ஸெய் லியோனவும் பாவெல் பெல்யாயெவும் தானியங்கி இறக்கம் பழுதாகி, குறித்த இடத்தை விட்டு விலகி, பெர்ம் பகுதியின் பனி மூடிய காட்டில் இறங்கினார்கள். ஓநாயும் கரடியும் திரியும் அந்தக் காட்டில் அவர்களிடம் இருந்தது கைத்துப்பாக்கி மட்டுமே. அந்த அனுபவத்தின் நீட்சியாக உருவானதுதான் டிபி-82: மேலே வேட்டைத் தோட்டாவுக்கு இரண்டு குழல்கள், கீழே 5.45 மி.மீ. குண்டுக்கு ஒரு குழல் என மூன்று குழல்கள். பிரித்தெடுத்தால் வெட்டுக்கத்தியாக மாறும் பின்கட்டை. திரைப்படத்துக்காகக் கற்பனை செய்தது போல் தோன்றும் இந்தப் பொருள் உண்மையிலேயே சோயுஸ் கலங்களில் பறந்தது. ஆனால் பறக்கத் தொடங்கியது 1986-இல்தான். 1983-இல் தரையிறங்கும் வீரரின் பெட்டியில் அதை வைக்க ஆசைப்படும் கலை இயக்குநர் மூன்றாண்டு பிழை செய்தவராவார்.

இதுவரை சொன்னவை உண்மையில் இருந்த ஆயுதங்கள். இல்லாத உலகத்தின் ஆயுதத்தை என்ன செய்வது? உண்மைத் துப்பாக்கி ஒன்றுக்கு உறுப்புகளை ஒட்டி உருமாற்றுவது ஒரு வழி. 1977-இன் புகழ்பெற்ற அமெரிக்க விண்வெளிப் படத்தில் வரும் கைத்துப்பாக்கி, பழைய ஜெர்மானிய மௌசரின் மேல் கட்டப்பட்டது. மற்றொரு வழி, முழுவதையும் புதிதாகச் செய்வது. கியோர்கி தனேலியா இயக்கி 1986-இல் வந்த ‘கின்-ட்சா-ட்சா!’ படத்தின் ப்ளூக் கிரகத்தில் ஆயுதத்தின் பெயர் ‘ட்ரான்க்ளுகாத்தர்’. படத்தின் இரு பாகங்களுக்கும் இடையே அந்தக் கிரக மொழியின் சிறு அகராதி ஒன்று திரையில் வருகிறது; அதில் இந்தச் சொல்லுக்கு நேரே தரப்பட்டுள்ள பொருள் ‘ஆயுதம்’ என்ற ஒரே சொல். அது எந்த ஆற்றலால் இயங்குகிறது என்று படம் விளக்குவதே இல்லை. அது யார் கையில் இருக்கிறது, அதைக் கண்டு யார் குனிகிறார்கள் என்பதை மட்டும் காட்டுகிறது. அதை ஏந்தி வரும் காவலர்களுக்கு ‘எட்சிலோப்’ என்று பெயர். போலீஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக்கினால் இது கிடைக்கும். இத்தகைய கற்பனை ஆயுதத்தில் தோட்டா இல்லை, உறை இல்லை, வாயு இல்லை. வெடிநுட்பரின் வேலை ஆயுதத்தை விட்டு நீங்கி, அது தாக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. ஏந்தியிருக்கும் கையின் தயக்கமின்மையும், எதிரில் நிற்பவரின் அச்சமும்தான் அந்தப் பொருளைத் துப்பாக்கியாக்குகின்றன.

கடைசியாக, ஏறத்தாழ சுடாத துப்பாக்கிகளின் படம் ஒன்று உண்டு. ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ 1979-இல் வந்தது. அதன் பெரும்பகுதி எஸ்தோனியாவில் எடுக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட மண்டலத்தின் எல்லையில், உள்ளே நுழையும் வழிகாட்டி, எழுத்தாளர், பேராசிரியர் ஆகிய மூவரையும் நோக்கிக் காவலர்கள் சுடுகிறார்கள். மண்டலத்துக்குள் நுழைந்தபின் வெடிச்சத்தமே இல்லை. உள்ளே, நீண்ட சுரங்கவழியின் முடிவில், எழுத்தாளர் தம்மிடம் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுக்கிறார். வழிகாட்டி பதறிப்போகிறார், இங்கே யாரைச் சுடப்போகிறீர்கள் என்று கேட்டு மன்றாடுகிறார், எழுத்தாளர் அதைக் கைவிடுகிறார். இந்தக் காட்சிக்கு வெற்றுத் தோட்டாவும் அடைப்பும் எதற்கு? வேண்டியது எடை மட்டுமே: அதை எடுக்கும்போது கை சற்றுத் தாழ வேண்டும், விட்டபின் கை வெறுமையாகத் தெரிய வேண்டும். அதற்கு முன்பே, வழிகாட்டி ஈரத் தரையில் படுத்துறங்கும் கனவுப் பகுதியில், கேமரா ஆழமற்ற நீருக்கு மேலாக மெதுவாக நகர்கிறது. நீருக்கடியில் ஊசி மருந்துக் குழல், நாணயங்கள், பழைய சமய ஓவியத்தின் ஒரு துண்டு, சேறு படிந்த ஒரு துப்பாக்கி. அது எந்த வகை, சுடுமா சுடாதா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. நாணயத்துக்குக் கொடுத்த நேரத்தையே அதற்கும் கொடுத்துவிட்டுக் கேமரா கடந்துபோகிறது.